ஈரப் பின்னல்

எங்கள் வீட்டு அலமாரியில், முன்பு எலுமிச்சை ஊறுகாய் இருந்த ஒரு கண்ணாடி ஜாடியில், என் தலைமுடி இருந்தது. தினமும் காலையில் எனக்குப் பின்னி முடித்த பிறகு, சீப்பில் சிக்கியதையும் தரையில் கிடப்பதையும் அம்மா ஒன்றுவிடாமல் பொறுக்குவாள். விரலில் சுற்றிச் சின்ன உருண்டையாக்கி ஜாடியில் போட்டு மூடியைத் திருகுவாள். பிறகு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். ஏழேகாலுக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கம்பெனி பஸ் வந்துவிடும், அதைப் பிடிக்க வேண்டும்.

அக்கா இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ரத்தப் புற்றுநோய். பதினோரு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்து, இருபத்தேழாவது வயதில் போய்விட்டாள். இதை இவ்வளவு சுருக்கமாக எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் என் மண்டைக்குள் அது இதே அளவில்தான் இருந்தது, இதற்குமேல் ஒரு சொல் இல்லை. நான் அழவில்லை. துக்கம் கேட்க நாகர்கோவிலிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரில்லா இருக்கா" என்று அம்மாவிடம் சொன்னார்கள். எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாளே வேலைக்குப் போனேன். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனி. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு பிழை வந்தால், அது எந்த நிலைமையில் வருகிறது, எதை மாற்றினால் வராமல் போகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். அக்காவுக்கு அப்புறம் இன்னும் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். மனசு எங்கேயும் ஓடாது, உட்கார்த்தி வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். மத்தியானம் டப்பாவில் என்ன இருந்தது என்று சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அம்மா எனக்குத் தலை பின்ன ஆரம்பித்தாள்.

காலேஜுக்குப் போன நாளிலிருந்தே நானும் அக்காவும் அம்மாவின் கையில் தலையைக் கொடுத்ததில்லை. திருவனந்தபுரத்துப் பெண்கள் காலையில் தலைக்குக் குளித்து, ஈர முடியை அப்படியே முதுகில் விரித்துப் போட்டு, இரண்டு காதோரத்திலிருந்தும் ஒவ்வொரு இழை எடுத்துப் பின்னால் சேர்த்துச் சின்னதாகப் பின்னிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். குளிப்பின்னல் என்று பெயர். கல்லூரிக்கோ ஆபீசுக்கோ போய்ச் சேருவதற்குள் காற்றில் முடி உலர்ந்துவிடும். நாங்களும் அப்படித்தான் போனோம். அம்மா நாஞ்சில் நாட்டுக்காரி. செவ்வாய், வெள்ளி தவிர தலை நனைக்காத ஊரில் பிறந்தவள். விரித்த தலையோடு பெண்பிள்ளைகள் வாசற்படி தாண்டுவது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "என்ன கோலமோ இது" என்று வருஷக்கணக்காக முணுமுணுத்து, எங்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் கைகழுவி விட்டுவிட்டாள்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தனை பெண்களும் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாள், வழக்கம்போல ஈர முடியை முதுகில் பரத்திக்கொண்டு செருப்பு மாட்டும்போது அம்மா வந்து என் கையைப் பிடித்தாள்.

"தலைய விரிச்சிட்டுப் போவாத மக்களே. பாக்க முடியல."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். அந்த ஈரத்தோடேயே வாரி, இறுக்கி, நுனிவரை பின்னி, கறுப்பு ரிப்பனால் கட்டினாள். மறுநாள் நான் குளித்துவிட்டு வரும்போது நாற்காலி போட்டு வைத்திருந்தாள். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

பின்னி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். நாள் முழுக்க அம்மா என்னைத் தொடுவது அப்போது மட்டும்தான். எனக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்டால் தெரியாது. அந்த நாட்களில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவள் விரல்கள் கழுத்தில் படுவது தெரிந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. அவர் சரியாக அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நாங்கள் பள்ளிக்கூடம் போன நாட்களில் இரண்டு நாற்காலி போட்டு இரண்டு பேருக்கும் பின்னிய இடத்தில், நாற்காலி ஒன்றாகவும் பிள்ளை ஒன்றாகவும் ஆகிவிட்டதைப் பார்க்க அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நாலு மாதம் கழித்து முடி கையோடு வர ஆரம்பித்தது. முதலில் சீப்பில், பிறகு தலையணையில், குளியலறையில், ஆபீஸ் கீபோர்டின் இடுக்கில். இடுப்புவரை கனமாகத் தொங்கிய பின்னல் எலிவாலாகிவிட்டது. நான் அதை ஒரு தகவல் போலக் கவனித்தேன். முடி போகிறது, சரி, போகட்டும்.

அம்மாவுக்கு அப்படி இல்லை. அக்காவின் தலையணையிலும் இதேபோலத்தான் கிடந்தது. அது மருந்தால் விழுந்த முடி. விழும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் நினைவில் வரிசை எப்படியோ மாறிவிட்டது. முதலில் முடி விழுந்தது, அப்புறம் பிள்ளை போய்விட்டாள். இப்போது மிச்சமிருக்கும் பிள்ளைக்கு முடி விழுகிறது. ஜாடி வந்தது அப்போதுதான்.

என்னை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சீட்டு வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். "அவளுக்கும் மொதல்ல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாவ" என்றாள். அது உண்மைதான்.

முடி விஷயத்தில் அபிப்பிராயம் இல்லாத ஆள் திருவனந்தபுரத்தில் கிடையாது. எதிர்வீட்டு அம்மாள் கையோன்னி என்கிற கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி செம்பருத்தி இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பை, தாளி என்பார்கள், தேய்க்கச் சொன்னாள். அப்பாவின் கடைக்குக் குத்துவிளக்கு வாங்க வந்த ஒருவர், கழக்கூட்டத்துத் தண்ணீரில் இரும்பு என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனாராம். கம்ப்யூட்டர் சூடு என்று ஒருத்தர், ஏசி என்று ஒருத்தர். நான் எண்ணெயும் தேய்த்தேன், தாளியும் தேய்த்தேன். நம்பிக்கையினால் இல்லை, மறுத்துப் பேசத் தெம்பில்லாததால். எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுத் தலைக்கு ஊற்றி வந்து அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரிக்கு எந்தக் கேள்விக்கும் இன்டர்நெட்டில் பதில் உண்டு. ஒருநாள் இரண்டு தாள் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்தாள். உங்கள் முடிக்குப் புரோட்டீன் சிகிச்சை தேவையா என்று தலைப்பு. முடியே புரோட்டீனால் ஆனதாம், அது தேய்ந்துபோனால் வெளியிலிருந்து பூசி நிரப்ப வேண்டுமாம். தேவைப்படாத முடிக்குப் பூசினால் சுள்ளி மாதிரி முறிந்துவிடும், அதனால் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. சோதனை என்ற சொல் எனக்குப் பழக்கமான சொல். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் தம்பானூரில் இறங்கினேன்.

அங்கே ஒரு லாட்ஜுக்குப் பக்கத்துச் சந்தில், போட்டோஸ்டாட் கடைக்கு மேலே மாடியில் ஒரு பார்லர். அதை நடத்தியவள் பாறசாலைப் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், பேசும்போது இரண்டும் கலந்து வரும். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், இருந்தாலும் வந்தவர்கள் எல்லாரும் சேச்சி என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து ரிப்பனை உருவினாள். பின்னலைப் பாதி அவிழ்த்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"காலத்த எத்தன மணிக்குக் கெட்டினது?"

"ஆறேகால் இருக்கும்."

"இப்ப ஆறரை. உள்ள இன்னும் ஈரமாட்டு இருக்குதே கொச்சே."

தொட்டுப் பார்த்தேன். பின்னலின் நடுப்பகுதி சில்லென்று இருந்தது. மழைக்காலத்தில் கொடியிலேயே கிடந்த துணியின் வாடை அதிலிருந்து வந்தது. காலையில் குளித்த தண்ணீரைக் கழக்கூட்டம்வரை சுமந்துபோய் திரும்பவும் சுமந்து வந்திருக்கிறேன். மாதக்கணக்காக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

சேச்சி சீப்பில் வந்த முடிகளை ஒரு வெள்ளைத் துண்டின்மேல் வரிசையாகக் கிடத்தினாள். குனிந்து பார்க்கச் சொன்னாள். தானாக விழுகிற முடியின் ஒரு முனையில் வெள்ளையாகப் பொடிப் பொட்டு மாதிரி வேர் இருக்குமாம். இவற்றில் எதிலும் இல்லை. சில முழ நீளம், சில சாண் நீளம், சில விரலளவு.

"இது கொழிச்சில் இல்ல. கொழிச்சில்னா வேரோட வரும். இது நடுவில வச்சுப் பொட்டுது, முறியுது. உனக்கு ஒரு நோயும் தீனமும் இல்ல."

பிறகு என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, டம்ளர் தண்ணீரில் நனைத்து, இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெதுவாக இழுத்தாள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் என்று, தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிச் செய்து காட்டினாள். என்னுடையது நீண்டுகொண்டே போனது. விட்டபோது திரும்பவில்லை. நாள்பட்ட ஜட்டி எலாஸ்டிக் மாதிரி தொய்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் சத்தமில்லாமல் அறுந்தது.

"ப்ரோட்டீன் வேணுமான்னு கேட்டா, வேணும். இட்டுத் தந்தா கொஞ்சம் பலம் வரும். ஆனா நாளைக்கும் இதே மாதிரி ஈரத்தோட இறுக்கிக் கெட்டினா, இட்டதெல்லாம் வெறுதே. ஆரு பின்னித் தருது?"

"அம்மா."

"ஒணங்கின பொறவு கெட்டச் சொல்லு. அவ்வளவுதான் காரியம்."

அவ்வளவுதான் காரியம். மலையாளிகள் தினமும் தலை நனைப்பார்கள், ஆனால் விரித்துக் காயவிடுவார்கள். நாஞ்சில் நாட்டில் இறுக்கிப் பின்னுவார்கள், ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் நனைப்பார்கள், அதையும் சாம்பிராணிப் புகை காட்டி உலர்த்துவார்கள். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் முடி நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஊரின் குளியலையும் அந்த ஊரின் பின்னலையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்குத்தான் முடி அழுகும். பிழை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரியான எனக்கு இது தெரியவில்லை. தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த எனக்கு.

சாலைக் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன். காரணம் தெரிந்ததில் நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும் முன்னால் வந்து நின்றது. ஒரு பிள்ளையின் முடியை மருந்து கொண்டுபோனது, இன்னொரு பிள்ளையின் முடியை உன் கை கொண்டுபோகிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கு அவள் நாற்காலி போட மாட்டாள். சொல்லாவிட்டால் ஜாடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தலைக்கு ஊற்றாமல் மேலுக்கு மட்டும் குளித்துவிட்டு வந்தால் போதுமே என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் அது நடக்காது. இருபது வருஷம் இந்த ஊரில் இருந்து அம்மாவும் இந்த ஊர்க்குளியலுக்குப் பழகிவிட்டாள். காலையில் தலை நனைக்காமல் இருந்தால் அவளைப் பொறுத்தவரை ஒரே அர்த்தம்தான், உடம்புக்கு முடியவில்லை. அக்கா அந்தப் பதினோரு மாதத்தில் பெரும்பாலும் தலை நனைக்கவே இல்லை. உலர்ந்த தலையோடு அம்மா முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், "முடியில புரோட்டீன் கொறவாம்மா. ரத்தத்துல ஒண்ணும் இல்ல, முடியிலதான். மூணு தடவ பார்லருக்குப் போனா சரியாயிடும்" என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது. சேச்சி சொன்னதில் பாதி.

"புரோட்டீன்னா என்னது?"

"பருப்புல இருக்குமே. முட்டையில இருக்கும்" என்றேன் யோசிக்காமல்.

நாங்கள் சைவம். எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா செய்தித்தாளில் சுற்றி ஒரு முட்டை வாங்கி வந்தாள். அடுக்களைப் பக்கம் கொண்டுபோகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போய்த் துவைக்கல்லின்மேல் வைத்தாள். உருண்டு விழப்போனதை நான் பிடித்தேன். எப்படி உடைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அம்மா அதைத் தேங்காய் உடைப்பதுபோல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், பாதி கல்லோடு போயிற்று. மீதியை வழித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு என் தலையில் தேய்த்தாள். அரைமணி நேரம் அந்த நாற்றத்தோடு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நாற்றம் நன்றாகப் போக வேண்டும் என்று, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரில் கொஞ்சம் தண்ணீர் விளாவி என் தலையில் ஊற்றினாள்.

முட்டை தலையிலேயே வெந்துவிட்டது.

மஞ்சளும் வெள்ளையுமாகத் துணுக்குத் துணுக்காக முடிக்குள் ஒட்டிக்கொண்டது. அம்மா கையைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். "ஐயோ, இது என்ன மக்களே" என்றாள். அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. என்னுடையதும். அக்கா இருந்திருந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருப்பாள். அது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும், சிரிப்பு வராமலே நின்றுபோனது. ஒருமணி நேரம் என்னைத் துவைக்கல்லில் உட்காரவைத்து, ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி எடுத்தாள். அவள் பொறுக்கி முடிப்பதற்குள் முடி வெயிலில் உலர்ந்துவிட்டது. அன்று ஒருநாள் மட்டும்தான் ஜாடிக்குப் போட அதிகம் இல்லை. அதை அம்மா முட்டையின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

பார்லருக்கு மூன்று தடவை போனேன். ஏதோ கிரீமைப் பூசி, தலைக்கு ஒரு தொப்பி மாட்டி, ஆவி பிடிக்கவைப்பாள் சேச்சி. முதல் இரண்டு தடவையும், "அம்மாகிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் முடி விறைப்பாக, புதுசு மாதிரி இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து பழையபடி. மூன்றாவது தடவை போனபோது அவள் கேட்கவில்லை.

நான் செய்தது தப்பு என்று எனக்குப் புரிய அவ்வளவு காலம் ஆயிற்று. மருந்து என்று ஒன்று இல்லாதவரை அம்மாவுக்குச் சந்தேகம்தான் இருந்தது. இப்போது மருந்தும் கொடுத்தாயிற்று, முடியும் நிற்கவில்லை. அலமாரியில் இரண்டாவது ஜாடி வந்தது.

"மருந்துக்குக் கேக்கலன்னா இது முடியில உள்ள தீனம் இல்ல, கேட்டியா" என்றாள் ஒருநாள், பின்னிக்கொண்டே. "நாளைக்கு லீவு போடு."

மறுநாள் காலையில் வழக்கம்போல ஈரத்தோடு பின்னி, வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டாள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போன அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. அம்மா விசாரிக்காமலே வழி தெரிந்து நடந்தாள். ஓ.பி. சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா சாய்ந்து உட்கார வசதியாக நாங்கள் எப்போதும் பிடிக்கிற பெஞ்சு அது. அம்மா பையைத் திறந்து எதையோ சரிபார்த்தாள். உள்ளே இரண்டு ஜாடிகளும் துண்டில் சுற்றி இருந்தன. அவற்றுக்குப் பின்னால் அக்காவின் ஃபைல் இருந்தது. ஆஸ்பத்திரி ஃபைல், மஞ்சள் அட்டை, மூலை மடங்கியது. டாக்டர் கேட்டால் காட்ட எடுத்து வந்திருக்கிறாள்.

அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. எனக்காக இல்லை. அம்மா இந்த வராந்தாவில் இன்னொரு தடவை நடக்க ஆரம்பித்துவிட்டாள், நான் அவளை நடக்கவிட்டேன் என்று பயம்.

"அம்மா, இது நோய் இல்ல" என்றேன். "முடி கொட்டல, உடையுது. ஈரத்தோட இறுக்கிப் பின்னுறதால உடையுது. அந்தப் பார்லர் சேச்சி மொத நாளே சொல்லிட்டா. நான்தான் உங்கிட்ட சொல்லல."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"நான் பின்னுறதாலயா?"

"ஈரத்தாலம்மா."

"நான் பின்னுறதாலயா?"

"ம்."

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். அவள் கையிலிருந்த ஓ.பி. சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். "வா" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நிம்மதி இருக்கிறதா என்று தேடினேன். இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் நாற்காலி போடவில்லை. சீப்பும் ரிப்பனும் கண்ணாடிக்கு முன்னால் இருந்தன. அம்மா அடுக்களையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை வார்த்தாள். நான் முடியை விரித்துப் போட்டு, குளிப்பின்னல் பின்னி, "போயிட்டு வாறேன்" என்றேன். "ம்" என்றாள். வாசலுக்கு வரவில்லை. தலைவிரித்துப் போகாதே என்றும் சொல்லவில்லை. அலமாரியில் ஜாடிகள் இல்லை. துவைக்கல் பக்கம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

இரண்டு வாரம் அப்படியே போயிற்று. சீப்பில் வரும் முடி குறைந்தது, பிறகு அநேகமாக நின்றது. ஒன்றை மாற்றினோம், பிழை வரவில்லை. ஆபீஸ் வழக்கப்படி, தீர்ந்தது என்று குறித்து மூடிவிட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் காலை ஆறேகாலுக்கு நான் கண்ணாடி முன்னால் கையில் சீப்பை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். என் முடி நன்றாக இருந்தது. எனக்கு அது வேண்டாம் போலிருந்தது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலையில் தலை நனைக்காமல் குளித்தேன். நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். சீப்பையும் ரிப்பனையும் மடியில் வைத்துக்கொண்டு, உலர்ந்த முடியை அவிழ்த்துவிட்டு, அடுக்களைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அம்மா என்னவோ எடுக்க வெளியே வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏன் தல நனைக்கல? காச்சலா?" ஓடி வந்து என் நெற்றியில் கையை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். மாவு ஒட்டிய கை.

"காச்சல் இல்லம்மா. ஒண்ணும் இல்ல. காஞ்ச தல. பின்னு."

கை கழுத்தில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் மடியிலிருந்து சீப்பை எடுத்தாள். உலர்ந்த முடியில் சீப்பு இறங்கும்போது சரசரவென்று சத்தம் கேட்டது. இத்தனை மாதமும் அந்தச் சத்தம் இல்லாமல்தான் பின்னியிருக்கிறோம். வகிடு எடுத்தாள். மூன்றாகப் பிரித்தாள். வழக்கமாக இறுக்குகிற இடத்தில் இறுக்காமல் தளர்த்திப் பிடித்தாள். பாதிப் பின்னலில் பேசினாள்.

"கடைசியில அவளுக்குப் பின்னுறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. வெறுந் தலையத் தடவிக்கிட்டே இருந்தேன். அதான் உனக்கு..." என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. வரப்போகிறது என்று தெரியாமலே வந்தது. தோள் குலுங்கியது, தலை குலுங்கியது, அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"ஆடாம இரி மக்களே. கோணிப் போவும்" என்றாள் அம்மா. அவள் குரலும் சரியாக இல்லை. ஆனால் பின்னலை விடவில்லை. மூன்று இழையையும் கையில் பிடித்தபடி, நான் நிறுத்தும்வரை அப்படியே நின்றாள். ஏழேகால் பஸ் போய்விட்டது.